ஊழியத்திலிருந்து கொண்டாட்டத்துக்கு: நாட்டுப்புற இசைவிழாக்களில் பங்கேற்பாளர் மகிழ்ச்சி – திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுப்புற இசைவிழாவில் பங்கேற்பாளர் அடையும் மகிழ்ச்சி இசையின் தன்மையால் மட்டும் விளைவதன்று; எந்த நிபந்தனைகளின் கீழ் அவர்கள் பங்கேற்கிறார்கள் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களையும் களமாகக் கொண்டு, ஊர்த் திருவிழா, பறையிசை மறுப்பு, சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறை, அரசும் இயக்கங்களும் நடத்தும் நகர விழாக்கள் ஆகியவை இக்கட்டுரையில் வரலாற்று வரிசையில் ஆராயப்படுகின்றன. மறுக்கும் உரிமை, இசைக்கு ஏற்ற வெளி, போதிய காலம், சமமான மதிப்பு ஆகிய நான்கும் அமையும்போதே விழா கலைஞர், பார்வையாளர் ஆகிய இரு தரப்பினருக்கும் கொண்டாட்டமாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: பறை, நாட்டுப்புற இசைவிழா, திண்டுக்கல், முளைப்பாரிக் கும்மி, தேவராட்டம், சக்தி கலைக்குழு, பங்கேற்பிசை

முன்னுரை

தமிழகத்தில் நாட்டுப்புற இசை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடல் தொகுப்பு, வகைப்பாடு, பயன்பாட்டுச் சூழல் ஆகியவற்றை மையமிட்டு வளர்ந்தவை. நா. வானமாமலை முதலியோர் இட்ட அடித்தளம் பாடலைச் சமூக வரலாற்றின் சான்றாகக் காணக் கற்பித்தது. ஆயினும் இசைக்கப்படும் வேளையில் இசைப்பவரும் கேட்பவரும் அடையும் மகிழ்ச்சி எத்தகையது, அது எதனால் விளைகிறது என்னும் வினா தனித்த ஆய்வுப்பொருளாக அதிகம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. மகிழ்ச்சி என்பது அளக்க இயலாத அகநிலை உணர்வு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

மேலைநாட்டு விழா ஆய்வுகள் இவ்வினாவை வேறு கோணத்தில் அணுகியுள்ளன. இசைவிழாவுக்கு மக்கள் ஏன் வருகிறார்கள் என்பதை ஆராய்ந்து ஹெதர் போவன், மார்கரெட் டேனியல்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, 'இசை முக்கியமா?' என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. கூடிப் பழகும் சூழலும் இசைக்கு இணையாக மக்களை ஈர்க்கிறது என்பதை அத்தகைய ஆய்வுகள் உணர்த்தின. எனினும் அவற்றில் 'பங்கேற்பாளர்' என்னும் சொல் பெரிதும் நுழைவுச்சீட்டு வாங்கி வரும் பார்வையாளரையே சுட்டுகிறது. தமிழ்ச் சூழலில் இவ்வரையறை போதாது. இங்கு ஒருவர் இசைக்க வேண்டும் என்பதும் மற்றொருவர் அதைக் கேட்டு மகிழ்வார் என்பதும் நெடுங்காலம் பிறப்பின் அடிப்படையில் விதிக்கப்பட்டிருந்தன. எனவே இக்கட்டுரை கலைஞர், பார்வையாளர் ஆகிய இரு தரப்பினரையும் பங்கேற்பாளராகக் கொள்கிறது.

தாமஸ் டுரினோ 2008இல் வெளியான தமது நூலில் நேரடி இசை நிகழ்வுகளைப் பங்கேற்பிசை, காட்சியிசை என இரண்டாகப் பகுக்கிறார். முன்னதில் அனைவரும் இசைப்போராக அல்லது ஆடுவோராக இருப்பர். பின்னதில் ஒரு சிலர் இசைக்க ஏனையோர் காண்பர். இப்பகுப்பு இக்கட்டுரைக்கு ஒரு தொடக்கப் புள்ளியாக அமைகிறது. ஆனால் பங்கேற்பு என்றாலே மகிழ்ச்சி என்று கொள்ள இயலாது என்பதைத் திண்டுக்கல் வட்டாரத்தின் வரலாறு காட்டுகிறது.

1. ஒரே திருவிழா, மூவகைப் பங்கேற்பு

1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல், மலையும் சமவெளியும் கலந்த நிலப்பகுதி. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழா நகரின் பெருவிழாவாகும். பூச்சொரிதல், சாமி சாட்டுதல், கொடியேற்றம், பூக்குழி என அது விரிகிறது. நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர், நத்தம் பகுதிகளின் சிற்றூர்களிலும் அம்மன் திருவிழாக்கள் ஏறத்தாழ இதே ஒழுங்கில் அமைகின்றன. இவ்வூர்த் திருவிழாக்களில் இசையோடு மக்கள் கொள்ளும் உறவு மூன்று வகைப்படுகிறது.

முதலாவது, முளைப்பாரிக் கும்மி. காப்புக் கட்டியபின் நவதானியம் விதைத்த பாத்திரங்களை முளைப்பாரி வீட்டில் வைத்து வளர்க்கும் நாள்களில், பெண்கள் இரவுதோறும் கூடிப் பாடிக் கும்மியடிப்பர். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். பாடத் தெரியாதவரும் கைகொட்டி வட்டத்துள் நுழையலாம். இதற்குப் பார்வையாளர் எவரும் தேவையில்லை. பகலெல்லாம் வயலிலும் வீட்டிலும் உழைத்த பெண்களுக்கு இரவில் வீட்டைவிட்டு வெளியே வந்து கூடிநிற்க ஊரே இசைவளிக்கும் அரிய பொழுது இது. அவ்வட்டத்தில் கிடைக்கும் மகிழ்ச்சியில் பாட்டுக்கு உள்ள பங்கு, அந்த இசைவுக்கும் உண்டு.

இரண்டாவது, தேவராட்டம். திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் வாழும் இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தினரின் இவ்வாட்டம் பாடலின்றி, தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் தாளத்திற்கு மட்டும் ஆடப்படுவது. காலில் சலங்கை கட்டி, கைகளில் துணி ஏந்தி, ஆண்கள் வரிசையாக நின்று அடவுகளை மாற்றி ஆடுவர். சக்கம்மாள் வழிபாடு, திருமணம் முதலிய தம் சமூக நிகழ்வுகளில் தமக்காகத் தாமே ஆடுவது இதன் மரபு. பார்வையாளர் உண்டு, ஆயினும் ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே சமூகத்தினர். ஆட்டத்தின் பெருமிதம் இரு தரப்பினருக்கும் பொதுவானது.

மூன்றாவது, பறை. சாமி சாட்டுவதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை திருவிழாவின் ஒவ்வொரு கட்டத்தையும் அறிவித்து நடத்துவது பறையொலியே. மேற்சொன்ன இரண்டிலும் காணப்படாத ஒரு கூறு இங்கு உள்ளது. கும்மியடிக்கும் பெண் அன்றிரவு வராதிருக்கலாம். தேவராட்டம் ஆடுபவர் விலகி நிற்கலாம். பறையடிப்பவர் அவ்வாறு விலகுதல் ஊர் மரபில் குற்றமாகக் கருதப்பட்டது. மேலும், திருவிழாவின் ஒலியை உருவாக்கிய அவர் அத்திருவிழாவின் கோயிலுக்குள் நுழைய இயலாதவராகப் பல ஊர்களில் நிறுத்தப்பட்டார்.

டுரினோவின் அளவுகோலின்படி இம்மூன்றிலும் பங்கேற்பு உண்டு. மூன்றாவதிலோ பங்கேற்பே இழிவின் அடையாளமாகவும் இருந்தது. விருப்பத்தால் பங்கேற்பதையும் கடமையால் பங்கேற்பதையும் பிரித்தறியாமல் விழா மகிழ்ச்சியைப் பேச இயலாது என்பது இதனால் புலப்படும்.

2. ஊழியமும் மறுப்பும்

தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறப்பித்துரைக்கும் நான்கு குடிகளுள் பறையன் குடியும் ஒன்று. இத்தகைய தொன்மை கொண்ட கருவி, பிற்காலத்தில் ஊர் ஊழியத்தோடும் சாவுச் சடங்கோடும் பிணைக்கப்பட்டு இழிவின் குறியாக்கப்பட்டது. விலங்குத் தோலோடு கொள்ளும் தொடர்பு தீட்டாகக் கருதப்பட்டமையும் இதற்குத் துணைநின்றது. தோல் பதனிடுதல் திண்டுக்கல் நகரின் பெருந்தொழில்களுள் ஒன்று. பதனிடப்பட்ட தோல் வணிகப் பொருளாகி நகருக்குச் செல்வம் சேர்த்தது. அதே தோல் பறைச் சட்டத்தில் ஏறியபோது அதனைத் தொட்டவரை விலக்கி வைத்தது.

ஊர் ஊழியத்துக்கு ஈடாக அறுவடைக் களத்தில் அளக்கப்பட்ட தானியப் பங்கு, பழைய வருவாய் ஆவணங்களில் 'சுதந்திரம்' என்று வழங்கப்பட்டது. உரிமைப் பங்கு என்ற பொருளில் அமைந்த இச்சொல், அதனைப் பெற்ற ஊழியக்காரருக்கு வேலையை மறுக்கும் சுதந்திரத்தை வழங்கவில்லை என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. பங்கு பெறுபவர் என்ற காரணத்தாலேயே அவர் எந்நேரம் அழைத்தாலும் வரக் கடமைப்பட்டவரானார்.

இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1990–91இல் நிகழ்ந்த அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய தலித் எழுச்சிக் காலத்தில், பறையடிக்க மறுத்தல் ஓர் அரசியல் செயலாக வலுப்பெற்றது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சமூகத்தினரிடம் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றமாக்கியமை இம்மறுப்புக்குச் சட்டத்தின் துணையையும் அளித்தது. தமிழகத்தில் பறையைக் குறித்து இரு நிலைப்பாடுகள் எழுந்தன. இழிவின் சின்னமாகிய கருவியை முற்றாகக் கைவிடுதலே விடுதலை என்றது ஒன்று. கருவியில் இழிவு இல்லை, ஏவலில்தான் இழிவு உள்ளது. ஆகவே ஏவலை மறுத்துக் கருவியை மீட்க வேண்டும் என்றது மற்றொன்று.

இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். விழா மகிழ்ச்சி என்னும் நோக்கில் பார்க்கும்போது, முதல் நிலைப்பாடே இரண்டாவதை இயலச் செய்தது எனலாம். 'அடிக்க மாட்டேன்' என்று சொல்ல முடிந்தபின்தான் 'அடிக்க விரும்புகிறேன்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது. பறையைக் கைவிட்ட குடும்பங்களின் முடிவும் அதே மதிப்புக்குரியது. பறை விழாக்களின் வளர்ச்சியைக் காட்டி அவர்களை மீண்டும் கருவி ஏந்த வற்புறுத்துவது, பழைய ஏவலின் புதிய வடிவமாகிவிடும்.

3. பெண்கள் ஏந்திய பறை: சக்தி கலைக்குழு

மீட்பு நிலைப்பாட்டின் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு திண்டுக்கல்லிலேயே உள்ளது. அருட்சகோதரி சந்திராவின் முயற்சியால் உருவாகி 1990களில் வேரூன்றிய சக்தி நாட்டுப்புறக் கலைமையம், தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம், ஒயில், கும்மி முதலிய கலைகளைக் கற்பித்து வருகிறது. இவர்களின் கலைக்குழு தமிழகத்திலும் வெளிநாடுகளிலும் பறை இசைத்துள்ளது. இசையியலாளர் ஸோயி ஷெரினியன் இயக்கிய 'சக்தி வைப்ரேஷன்ஸ்' ஆவணப்படம் இம்மையத்தின் பணியை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

மரபில் பறை ஆண்களின் கருவி. அதனைப் பெண் ஏந்துவதில் இரு தடைகள் உடைகின்றன: சாதி விதித்த இழிவு ஒன்று, பெண்ணுடல் பொதுவெளியில் வீசி ஆடலாகாது என்ற கட்டுப்பாடு மற்றொன்று. பறையாட்டத்தில் கருவியைத் தோளில் மாட்டி, ஒரு கையில் தடித்த அடிகுச்சியும் மறுகையில் மெல்லிய சுண்டுகுச்சியும் கொண்டு, முழங்கால் மடக்கி, குதித்து, சுழன்று ஆட வேண்டும். கை, கால், கண், காது ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்கினாலன்றி அடவு அமையாது. குனிந்த தலையோடு இக்கருவியை இசைக்க முடியாது. நிமிர்தல் இக்கலையின் உடல்நுட்பத்திலேயே அடங்கியுள்ளது.

இம்மையத்தின் செயல்பாட்டில் இசைப்பயிற்சியோடு தன்மதிப்பு, சமூகப் புரிதல், வாழ்வாதாரத் திறன்கள் ஆகியவையும் இணைந்துள்ளன. மேடையில் வெளிப்படும் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாதது. பார்வையாளர் காண்பது சில நிமிட ஆட்டம். ஆடும் பெண்ணுக்கோ அது, கூடித் தங்கி, கூடிக் கற்று, கூடிப் பயணம் செய்த நீண்ட பயிற்சியின் உச்சம். விழா தொடங்கும் முன்பே அவளுடைய கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. முளைப்பாரி வட்டத்தில் நாம் கண்ட கூடிநிற்றலின் மகிழ்ச்சி இங்குப் புதிய அரசியல் பொருளோடு திரும்பி வருகிறது.

4. ஊர்க்களத்திலிருந்து நகர விழாவுக்கு

மீட்கப்பட்ட பறைக்குப் புதிய களங்களும் உருவாயின. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கம் பல ஊர்களில் நடத்திய கலை இரவுகள், 1990களின் அறிவொளி இயக்கக் கலைப்பயணங்கள் ஆகியவை நாட்டுப்புற இசையைச் சடங்கிலிருந்து பிரித்துப் பொது மேடைக்குக் கொணர்ந்தன. விடிய விடிய நடக்கும் கலை இரவு, ஊர்த் திருவிழாவின் கால ஒழுங்கைத் தக்கவைத்துக்கொண்டு அதன் சாதி ஒழுங்கைத் தவிர்க்க முயன்ற வடிவம் எனலாம்.

2007 பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம், தமிழகம் முழுவதிலுமிருந்து வந்த கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நிகழ்த்தச் செய்தது. நுழைவுக் கட்டணம் இல்லாத திறந்த வெளியில் அது அமைந்தது. முனைவென்றி என்னும் சிற்றூரின் குறிஞ்சி மலர் பறைக்குழுவைப் பற்றி 2011இல் வெளியான ஷெரினியனின் மற்றோர் ஆவணப்படம், சொந்த ஊரில் ஊழியக்காரராக நடத்தப்படுவோர் இத்தகைய களத்தில் கலைஞராக மதிக்கப்படும்போது நிகழும் மாற்றத்தைக் கவனப்படுத்துகிறது. இடையில் நின்றுபோன இவ்விழா, 2023இல் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' எனக் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் தொடங்கப்பெற்றுப் பிற நகரங்களுக்கும் விரிந்தது. சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா, கருநாடக இசையையும் பறையையும் மீனவர் குடியிருப்பின் ஒரே மேடையில் நிறுத்தியது. நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', செவ்வியல் இசைக்கெனக் கருதப்பட்ட பருவத்தையே நாட்டுப்புற இசைக்கு உரியதாக்கியது.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஊர்களில் பறையடித்து அரசு அறிவிப்புகளைச் சொல்லும் தண்டோரா முறையைக் கைவிடுமாறு 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களை அறிவுறுத்தினார். அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு கருவியின் ஏவல் ஒலி ஓய்வதும் அதன் கலையொலி உயர்வதும் ஒரே வரலாற்றுப் போக்கின் இரு முகங்கள். முன்னது நிகழாமல் பின்னதைக் கொண்டாடுவது முழுமையாகாது.

5. மகிழ்ச்சியின் நிபந்தனைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, விழா மகிழ்ச்சிக்கான நான்கு நிபந்தனைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, மறுக்கும் உரிமை. இது ஏனைய மூன்றுக்கும் அடிப்படை. இது குறித்து முன்பே கூறப்பட்டது.

இரண்டாவது, வெளி. பறை, கும்மி, ஒயில் ஆகிய அனைத்தும் வட்டத்தையோ எதிரெதிர் வரிசையையோ இயல்பான அமைப்பாகக் கொண்டவை. வட்டத்தில் கலைஞர் ஒருவரையொருவர் காண்கின்றனர். தலைமை தாங்குபவரின் கண்ணசைவில் அடி மாறுகிறது. சுற்றி நிற்பவர்களின் கால்களும் தாமாகத் தாளமிடுகின்றன. உயர்ந்த மேடையில் ஒரு திசை நோக்கி நிற்கும்போது இத்தொடர்பு குன்றுகிறது. மேலும், பறை திறந்தவெளிக் கருவி. அதன் முன் ஒலிவாங்கியை நிறுத்திப் பெருக்கும்போது, அதிர்வு உடலைத் தொடும் அனுபவம் செவிக்கு இரைச்சலாகச் சுருங்கிவிடும். விழா அமைப்பாளர் தரைத்தளத்தில் ஒரு வட்டக் களத்தை ஒதுக்குவது சிறு செயல். ஆனால் பார்வையாளரைப் பங்கேற்பாளராக மாற்றுவது அதுவே.

மூன்றாவது, காலம். தோற்கருவி ஈரத்தால் தளரும். பனியிறங்கும் தை, மாசி இரவுகளில் பறையை அவ்வப்போது தீயில் காய்ச்சினால்தான் அது கணீரென ஒலிக்கும். வைக்கோலோ காகிதமோ மூட்டி, சுற்றி நின்று, விரலால் தட்டிப் பதம் பார்ப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. பேச்சும் சிரிப்பும் ஆயத்தமும் அங்குதான் நிகழ்கின்றன. ஒரு குழுவுக்குச் சில நிமிடம் என வரையறுத்து, அடுத்தடுத்து அழைக்கும் நிகழ்ச்சி நிரலில் இந்நெருப்புக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. செயற்கை இழைத் தோல் பொருத்திய பறைகள் பரவுவதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணம் எனக் கருதலாம். அவை வசதியானவை, ஈரத்துக்குத் தளராதவை. எனினும், காய்ச்சும் நேரம் மறையும்போது கலைஞர்கள் தமக்குள் கூடியிருந்த பொழுதும் மறைகிறது.

நான்காவது, மதிப்பு. ஊதியம், உணவு, தங்குமிடம், பெண் கலைஞர்கள் உடைமாற்ற அறை, அறிவிப்பில் குழுவின் பெயரைச் சரியாகச் சொல்லுதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா 1963இல் இலாப நோக்கமற்ற விழாவாக மறுசீரமைக்கப்பட்டபோது, புகழ்பெற்ற பாடகருக்கும் அறியப்படாத ஊர்ப்புறக் கலைஞருக்கும் ஒரே தொகையாக 50 டாலர் வழங்குவது என முடிவுசெய்யப்பட்டது. அச்சமன்மை அவ்விழாவின் தோழமை உணர்வுக்கு வலுச்சேர்த்தது. தமிழகச் சூழலில் திரைப்படப் பாடகருக்குத் தனி மதிப்பும் நாட்டுப்புறக் குழுவுக்கு 'போக்குவரத்துச் செலவும்' என்ற வேறுபாடு நிலவும்வரை, மேடை சமமாயினும் விழா சமமாகாது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நலவாரியம் இயங்குவதும், மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருதுகள் வழங்குவதும் வரவேற்கத்தக்கன. விழா நாளில் கலைஞருக்குக் கிடைக்கும் நடத்துமுறையை அவை ஈடுசெய்ய இயலா.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. சடங்கிலிருந்து பிரிந்த நாட்டுப்புற இசை உயிரற்றது. ஊர்த் திருவிழாவில்தான் அது உண்மையாக வாழ்கிறது என்பர் சிலர். கும்மிக்கும் தேவராட்டத்துக்கும் இக்கூற்று ஓரளவு பொருந்தும். பறைக்கு இது பொருந்தாது. ஊர்க்களத்தின் 'உயிர்ப்பு' யாருடைய இழிவின்மீது நின்றது என்பதை இக்கூற்று கேட்பதில்லை. மறுபுறம், நகர விழா எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பதும் மிகை. இன்று கல்லூரி மாணவரும் தகவல் தொழில்நுட்பப் பணியாளரும் சாதி வேறுபாடின்றிப் பறை கற்கின்றனர்; புலம்பெயர் தமிழர் விழாக்களில் அது இனத்தின் அடையாளமாக ஒலிக்கிறது. அவர்களுக்கு அது தேர்ந்தெடுத்த மகிழ்ச்சி. அதே வேளையில் எந்த ஊரிலேனும் ஒருவர் விருப்பமின்றிப் பறையோடு வரவழைக்கப்படுவாராயின், அந்த மகிழ்ச்சிக்கு அவருக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று எஞ்சியிருக்கிறது.

முடிவுரை

திண்டுக்கல் வட்டாரத்தின் இசை வரலாறு, விழா மகிழ்ச்சி இயல்பாக விளைவதன்று, அமைத்துக்கொள்ளப்படுவது என்பதைக் காட்டுகிறது. ஒரே திருவிழாவில், ஒரே இரவில், கும்மி வட்டத்துப் பெண்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி பறையடித்தவருக்குக் கிடைக்காமற் போனதற்குத் தாளம் காரணமன்று. மறுக்கும் உரிமை இல்லாமையே காரணம். அவ்வுரிமையை வென்றெடுத்தபின் அதே கருவி, அதே நகரில், இளம்பெண்களின் தோளில் ஏறிக் கொண்டாட்டமாயிற்று.

ஆகவே நாட்டுப்புற இசைவிழாக்களை மதிப்பிடும் ஆய்வாளரும் அமைப்பாளரும் கூட்டத்தின் அளவையோ கைத்தட்டலையோ மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் போதாது. கலைஞர் தாமே விரும்பி வந்தாரா, அவருக்கு வட்டமாக நிற்க இடம் இருந்ததா, கருவியைக் காய்ச்ச நெருப்பும் நேரமும் கிடைத்தனவா, ஏனையோருக்கு நிகராக அவர் நடத்தப்பட்டாரா என்னும் வினாக்களை முதலில் எழுப்ப வேண்டும். இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்கும் விழாவில் பார்வையாளர் மகிழ்ச்சிக்குத் தனியே வழிதேட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. முளைப்பாரிக் கும்மி, தேவராட்டம் ஆகிய பிற வடிவங்கள் நகர விழாக்களில் இடம்பெறும்போது அவற்றின் பங்கேற்பு நிபந்தனைகள் எவ்வாறு மாறுகின்றன என்பது மேலாய்வுக்குரியது.